கிள்ளானிலிருந்து சூப்பர் லீக்: ஏ1, ஏ2, ஏ3 லீக் என்றால் என்ன? நம் குழுக்கள் எங்கே?

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ நீங்களும் நண்பர்களும் சேர்ந்து ஆரம்பிக்கும் ஒரு காற்பந்துக் குழு, ஒருநாள் ஜொகூர் டாருல் தக்சிம் (ஜேடிடி) குழுவோடு சூப்பர் லீக்கில் மோத முடியுமா?

விதிப்படி முடியும். சும்மா சொல்லவில்லை. இந்தியச் சமூகத்தின் பெயரைத் தாங்கி 2016-இல் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ஒரு குழு, 2019-இல் சூப்பர் லீக்கில் ஆடியது. அதன் சொந்தத் திடல் பெட்டாலிங் ஜெயாவில். கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் 2022-க்குப் பிறகு அந்தக் குழு லீக்கில் இல்லை. யாரும் அதைத் தோற்கடித்துக் கீழே தள்ளவில்லை. அதுவாகவே விலகிக்கொண்டது.

நம் நாட்டுக் காற்பந்தில் மேலே ஏறுவது கஷ்டம்தான். ஆனால் ஏறிய இடத்தில் நிற்பது அதைவிடக் கஷ்டம். கீழ்நிலை லீக்குகள் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்தால்தான் இது ஏன் என்று புரியும். அதிலும் உங்கள் வீட்டில் 17, 18 வயதில் பந்தே கதி என்று ஒரு தம்பி இருந்தால், இது அவனுடைய கதையும்கூட.

ஏணியில் எத்தனை படி?

உச்சியில் இருப்பது மலேசிய சூப்பர் லீக். அதை நடத்துவது மலேசியக் காற்பந்து லீக் நிறுவனமான எம்.எஃப்.எல். முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்கள், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், தொலைக்காட்சி நேரலை எல்லாம் இங்கேதான்.

அதற்கு அடுத்த படி ஏ1 செமி-புரோ லீக். 2024–25 சீசனில் இந்தப் பெயர் வந்தது. நடத்துவது ஏ.எஃப்.எல். எனப்படும் அமெச்சூர் காற்பந்து லீக். அதற்குக் கீழே மாநில அளவிலான ஏ2 அமெச்சூர் லீக். அதற்கும் கீழே ஏ3, அதாவது சமூக லீக். ஞாயிற்றுக்கிழமை மாலையில் நகராண்மைத் திடலில் ஒரே நிற ஜெர்சியோடு, நடுவர், கொடி பிடிக்கும் துணை நடுவர் என்று முறையாக ஓர் ஆட்டம் நடப்பதைப் பார்க்கிறீர்களா? அது வெறும் பொழுதுபோக்கு ஆட்டமாக இல்லாமல், இந்த ஏணியின் அடிப்படியாகவும் இருக்கலாம்.

"அப்ப எம்3, எம்4 என்றெல்லாம் கேள்விப்பட்டோமே?" என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் இதுதான், பழைய பெயரில். 1950-களின் தொடக்கத்தில் எஃப்.ஏ.எம். கிண்ணம் என்று ஒரு போட்டி ஆரம்பமானது. மாநிலக் குழுக்களின் மலாயா கிண்ணத்துக்கு அடுத்த நிலைப் போட்டி அது. பல வடிவங்கள் மாறி, 2008-இல் எஃப்.ஏ.எம். லீக் ஆனது. 2019-இல் எம்3 லீக் ஆனது. இப்போது ஏ1. அடுத்த சீசனில் இன்னொரு எழுத்தும் எண்ணும் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

ஆனால் இடையில் பெயர் மாற்றத்தைவிடப் பெரிய ஒன்று நடந்தது. 2004-இலிருந்து சூப்பர் லீக்குக்குக் கீழே பிரிமியர் லீக் என்று ஒரு முழு இரண்டாம் நிலை இருந்தது. 2022-ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். எல்லோரையும் மேலே சேர்த்து 18 குழுக்கள் கொண்ட பெரிய சூப்பர் லீக் என்பதுதான் திட்டம். 2023-இல் திடலில் இறங்கியது 14 குழுக்கள். அதாவது இரண்டாவது படியை எடுத்தாகிவிட்டது, முதல் படியும் சொன்ன அளவுக்கு அகலமாகவில்லை. அப்புறம் ஏ1 வந்து அந்த இடத்தை நிரப்பும் வரை, கீழே இருந்த குழுக்களுக்குத் தாவிப் பிடிக்கச் சரியான படி ஒன்று இல்லை.

செமி-புரோ என்றால் பாதிச் சம்பளமா?

கிட்டத்தட்ட. செமி-புரோ என்றால், ஆட்டக்காரர் காற்பந்திலிருந்து கொஞ்சம் சம்பாதிப்பார், ஆனால் அதை மட்டும் நம்பி வாழ முடியாது. பகலில் கிடங்கில், வங்கியில், பள்ளியில் வேலை. மாலையில் பயிற்சி. சனி, ஞாயிறில் ஆட்டம். எதிரணி கிளந்தானில் இருந்தால் வெள்ளிக்கிழமை இரவே பஸ் ஏற வேண்டும், திங்கட்கிழமை காலையில் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். இதற்கு லீவு கொடுக்கும் முதலாளி கிடைப்பதே ஒரு பெரிய விஷயம்.

இந்த நிலையில் கிள்ளான் பள்ளத்தாக்குக் குழுக்கள் நிறைய. கோலாலம்பூர் ரோவர்ஸ், கோம்பாக் எஃப்சி போன்றவை எம்3 காலத்திலிருந்தே தெரிந்த பெயர்கள். 2019 எம்3 பட்டியலில் பூச்சோங் ஃபுயெர்சா இருந்தது. பிறகு ஹரிணி எஃப்சி என்ற பெயரையும் பார்த்திருப்பீர்கள். இவற்றில் பெரும்பாலானவை மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் பிள்ளைகள் அல்ல. நாலு நண்பர்கள், ஒரு கம்பெனி முதலாளி, ஒரு முன்னாள் ஆட்டக்காரர் என்று யாரோ சிலர் சொந்தக் காசைப் போட்டு ஆரம்பித்தவை.

இங்கிருந்து மேலே போனவர்கள் உண்டா? உண்டு. 2019 எம்3 லீக்கில் வென்ற கிளந்தான் யுனைடெட்டும் இரண்டாம் இடம் பிடித்த கூச்சிங்கும் பிரிமியர் லீக்குக்கு ஏறின. 2025–26 சீசனில் இமிகிரேஷன் எஃப்சி, மலாக்கா எஃப்சி, யுஎம்–டாமான்சாரா யுனைடெட் ஆகிய மூன்றும் சூப்பர் லீக்கில் நுழைந்தன. டாமான்சாரா என்ற பெயர் சூப்பர் லீக் அட்டவணையில் இருப்பதைப் பார்க்கும்போது, கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த நமக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

மிஃபா: ஏறிய கதை

மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் சுருக்கம்தான் மிஃபா. மலேசிய இந்திய விளையாட்டு மன்றத்தோடு சேர்ந்து எம்.ஐ.எஸ்.சி–மிஃபா என்ற பெயரில் ஒரு குழு எஃப்.ஏ.எம். லீக்கில் ஆடியது. 2016 சீசன் முடிந்ததும் பிரிமியர் லீக்குக்கு ஏறியது. 2017, 2018 என்று இரண்டே சீசன். 2019-இல் சூப்பர் லீக்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். சூப்பர் லீக்கில் அதுவரை பெரும்பாலும் மாநிலங்கள், அரசாங்கத் துறைகள், ஃபெல்டா போன்ற பெரிய நிறுவனங்கள்தான். அவர்களுக்கு மாநிலக் கொடி இருக்கிறது, பரம்பரை ரசிகர்கள் இருக்கிறார்கள், அப்பா காலத்திலிருந்து வரும் பாட்டும் மேளமும் இருக்கின்றன. மிஃபாவுக்கு அது எதுவும் இல்லை. இந்திய இளைஞர்களுக்கு மேல்நிலைக் காற்பந்தில் வாசல் குறைந்துகொண்டே வருகிறது, நாமே ஒரு வாசல் கட்டுவோம் என்ற எண்ணம்தான் அதன் மூலதனம்.

சூப்பர் லீக்குக்குப் போகும்போது குழு பெயரை மாற்றிக்கொண்டது: பெட்டாலிங் ஜெயா சிட்டி எஃப்சி. சொந்தத் திடல் கெலானா ஜெயாவில் உள்ள எம்.பி.பி.ஜே. அரங்கம். பெயர் மாற்றத்தைப் பற்றி அப்போது இரண்டு விதமாகவும் பேசலாம் என்றிருந்தது. சமூகப் பெயரை ஏன் விட வேண்டும் என்று ஒரு பக்கம். ஒரு நகரத்தின் பெயரில் இருந்தால்தான் எல்லா இன ரசிகர்களும் வருவார்கள், விளம்பரதாரரும் வருவார் என்று இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவது வாதம்தான் நியாயமாகப் படுகிறது. எந்தக் குழுவும் ஓர் இனத்தின் ரசிகர்களை மட்டும் வைத்து 25,000 இருக்கை உள்ள அரங்கத்தை நிரப்ப முடியாது. ஆனால் பெயரை மாற்றியதும் பெட்டாலிங் ஜெயாக்காரர்கள் திரண்டு வந்துவிட்டார்களா என்றால், இல்லை. பிஜேயில் வளர்ந்த பையன் ஏற்கெனவே சிலாங்கூரின் சிவப்பு–மஞ்சள் ஜெர்சியைப் போட்டிருந்தான்.

இருந்தாலும் நான்கு சீசன் தாக்குப்பிடித்தார்கள். 2022-இல் அந்தக் குழு செய்தது இன்னும் பேசப்பட வேண்டிய ஒன்று. மற்றக் குழுக்கள் பிரேசில், ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, பயிற்றுநர் பி. மணியம் தலைமையில் பிஜே சிட்டி வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீக்கில் ஆடியது. எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். கடைசி இடத்துக்கும் போகவில்லை.

அந்தச் சீசன் முடிந்ததும் விலகல் அறிவிப்பு.

நம் மக்கள் பலர் அப்போது கேட்டது: "இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன்?" பதிலின் ஒரு பாதி, காற்பந்துக்கு வெளியே இருக்கிறது. அதற்கு வருவோம். முன்னதாக ஒரு சின்னச் சுற்று, கொஞ்சம் பழைய காலத்துக்கு.

ஒரு காலத்தில் நம்மவர்கள் எப்படி நுழைந்தார்கள்?

கோலாலம்பூரில் காற்பந்து தொடக்கத்திலிருந்தே கிளப்புகளின் விளையாட்டு. பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குச் சிலாங்கூர் கிளப், கம்போங் பாரு மலாய்க்காரர்களுக்குச் சுல்தான் சுலைமான் கிளப், தமிழர்களுக்கு டி.பி.சி.ஏ. எனப்படும் தமிழர் உடற்பயிற்சிக் கழகம். ஒவ்வொரு சமூகமும் தன் கிளப்பை வைத்துக்கொண்டு, திடலில் மட்டும் சந்தித்துக்கொண்ட காலம் அது. 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பலின் அதிகாரிகள் கொடுத்த கிண்ணத்துக்காக மாநிலங்கள் மோத ஆரம்பித்தன. அதுதான் இன்றைய மலேசியக் கிண்ணம். சிலாங்கூர் முதல்முறை அதை வென்றது 1922-இல்.

பிரிக்பீல்ட்ஸையும் செந்தூலையும் எடுத்துக்கொண்டால், இரண்டும் ரயில்வே ஊர்கள். கே.எல். சென்ட்ரல் இன்று நிற்கும் இடம் அப்போது ரயில்வே யார்டு. ரயில்வே, பொதுப்பணி, மின்சார வாரியம், போலீஸ் என்று ஒவ்வொரு துறைக்கும் குழு இருந்தது. நன்றாக ஆடத் தெரிந்தால் வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் ஆட நேரம் கிடைக்கும். இன்றைய செமி-புரோ ஆட்டக்காரர் கனவு காணும் ஏற்பாடு. பிரிக்பீல்ட்ஸில் ஒய்.எம்.சி.ஏ. இருக்கும் தெருவின் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? ஜாலான் பாடாங் பெலியா. இளைஞர் திடல் தெரு!

நகரத்துக்கு வெளியே தோட்டங்கள். பால்மரத் தோட்டத்தில் வேலை விடியற்காலையில் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். மாலையில் திடல்தான். கோயில், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை, திடல் இல்லாத பெரிய தோட்டம் அரிது. ஒரு தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடக்கும் ஆட்டத்துக்கு லீக் என்று பெயர் இல்லை, ஆனால் அதுதான் லீக். மாவட்டக் குழுவுக்கு ஆள் தேடி வருபவர்கள் அங்கே வந்து பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட சூழலிலிருந்து வந்தவர்களின் பெயர்களை உங்கள் தாத்தாவிடம் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன். கிள்ளானைச் சேர்ந்த கோல்காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். 1980-இல் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவின் கோல்காவலர் அவர்தான். புறக்கணிப்பால் அந்தக் குழு மாஸ்கோ போகவில்லை. ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் இறந்தபோது வயது 35. 2016-இல் வந்த 'ஓலா போலா' படத்தில் முத்து என்ற கோல்காவலரைப் பார்த்தபோது நம் வீட்டுப் பெரியவர்கள் யாரை நினைத்துக்கொண்டார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

பயிற்றுநர்களும் வந்தார்கள். செத்தாப்பாக்கில் பிறந்த கே. ராஜகோபால், 2009-இல் சீ விளையாட்டுத் தங்கத்தையும் 2010-இல் ஆசியான் சுசுகி கிண்ணத்தையும் மலேசியாவுக்கு வாங்கிக் கொடுத்தார். 2023-இல் மறைந்த பி. சத்தியநாதன் தேசியக் குழுவையும் பல கிளப்புகளையும் வழிநடத்தினார்.

அப்புறம் தோட்டங்கள் போயின. சுபாங் ஜெயா இருக்கும் இடம் முன்பு சீஃபீல்டு தோட்டம். புத்ராஜெயா இருக்கும் இடம் பிராங் பெசார் தோட்டம். மக்கள் ஃபிளாட்டுக்குப் போனார்கள். திடல் எங்கும் போகவில்லை, அதன் மேல்தான் தாமானும் ஹைவேயும் வந்துவிட்டன. கூடவே ஆள் தேடி வரும் பழக்கமும் நின்றுபோனது. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு முழு அளவுத் திடல் கிடையாது. மிஃபா போன்ற ஒரு குழு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

தோற்காமலே காணாமல் போவது எப்படி?

இப்போது காசு விஷயம். சூப்பர் லீக்கில் ஆட, புள்ளி மட்டும் போதாது, உரிமம் வேண்டும். கணக்கு சரியாக இருக்கிறதா, சம்பள பாக்கி உண்டா, திடல் தரமாக இருக்கிறதா, இளையோர் குழு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அனுமதி. கேள்விகள் சரியானவையே. பிரச்சினை என்னவென்றால், ஒரு குழுவுக்கு டிக்கெட், ஜெர்சி, விளம்பரம் ஆகியவற்றிலிருந்து வரும் வருமானம், ஆட்டக்காரர் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. மிச்சத்தை யாராவது ஒருவர் போட வேண்டும். மாநில அரசாங்கம், பெரிய நிறுவனம், அல்லது ஆசையுள்ள ஒரு தனிமனிதர். அந்த ஒருவர் கையை எடுத்தால் குழு விழுந்துவிடும்.

இது சின்னக் குழுக்களின் தலைவிதி மட்டும் என்று நினைக்காதீர்கள். 2023-க்குள் நுழையும்போது பிஜே சிட்டியோடு சேர்ந்து மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் இல்லை. 2025–26 தொடங்கும்போது பேராக், ஸ்ரீ பகாங், கெடா மூன்றும் இல்லை. இவை மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய மாநிலங்களின் பெயர்கள்! இன்னொரு பக்கம் 2014-இலிருந்து 2024–25 வரை ஒவ்வொரு சீசனும் பட்டத்தை வென்றது ஒரே குழு, ஜேடிடி. மேலே ஒரு குழு எட்டாத உயரத்தில், மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு. அவர்களைத் துரத்தச் செலவு செய்துதான் பலர் கடனில் விழுந்தார்கள் என்று நான் சொல்வேன்.

பிஜே சிட்டி வெளிநாட்டு ஆட்டக்காரர் இல்லாமல் ஆடியதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். வரவுக்குத் தகுந்த செலவு. அதுவே போதவில்லை என்றால், பிரச்சினை அந்தக் குழுவில் மட்டும் இல்லை.

மூன்று மில்லியன் பேர் உள்ள நாடு எப்படிச் சமாளிக்கிறது?

ஒப்பிட்டுப் பார்க்க வேல்ஸ் நல்ல உதாரணம். மொத்த மக்கள்தொகை சுமார் 31 லட்சம், அதாவது 3.1 மில்லியன். சிலாங்கூரில் மட்டும் 2020 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 70 லட்சம் பேர். அதாவது ஒரு சிலாங்கூருக்குள் இரண்டு வேல்ஸ்.

அங்கே உச்சியில் கம்ரி பிரிமியர். 1992-இல் தொடங்கியது. பல ஆண்டுகள் 12 குழுக்கள்தான். அதற்குக் கீழே நாட்டை வடக்கு, தெற்கு என்று பிரித்து கம்ரி நார்த், கம்ரி சவுத். அதற்கும் கீழே ஆர்டல் லீக். வெல்ஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு வட்டாரம் என்று பொருள். வடகிழக்கு, வடமேற்கு, தென்கிழக்கு, தென்மேற்கு என்று நான்கு பிரிவு. அப்புறம் மாவட்ட லீக்குகள். முதல் மூன்று நிலைகளை மட்டும் கூட்டினாலே சுமார் 100 குழுக்கள்.

பிரிவைக் கவனியுங்கள். கீழே போகப் போக வட்டாரம் சின்னதாகிறது. மூன்றாம் நிலையில் ஆடும் குழு நாடு முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை. சனிக்கிழமை மத்தியானம் வேனில் கிளம்பி, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பயணச் செலவு குறைந்தால் ஓட்டைப் பையிலும் கொஞ்சம் காசு தங்கும்.

கெயர்சூஸ் என்று மத்திய வேல்ஸில் ஒரு கிராமம். மக்கள் சுமார் 1,500 பேர். அதன் குழு 1887-இல் ஆரம்பமானது. 1992-இல் தேசிய லீக் தொடங்கியபோது அதில் இருந்தது. 2010-இல் கீழே இறங்கியது. இறங்கியதும் கதை முடிந்ததா? இல்லை. கீழ்நிலை லீக்குகளில் தொடர்ந்து ஆடியது, திரும்ப ஏறப் பார்த்தது. திடல் அங்கேயே, கிளப் அங்கேயே. பிஜே சிட்டிக்கும் கெயர்சூஸுக்கும் இருக்கும் வித்தியாசம் ஆட்டத் திறமை இல்லை. கீழே இறங்கி நிற்க ஒரு படி இருந்ததா, காலூன்ற ஒரு திடல் இருந்ததா என்பதுதான்.

அங்கேயும் எல்லாம் சுகம் இல்லை. லீக்கில் முதலிடம் வந்தும், திடலில் விளக்கும் இருக்கைகளும் தரப்படி இல்லை என்பதால் ஏற முடியாமல் போன குழுக்கள் உண்டு. விதிமுறை எங்கேயும் ஏழைக் குழுவைத்தான் முதலில் கடிக்கிறது.

வேல்ஸ் தேசியக் குழு 2016 யூரோவில் அரையிறுதி வரை போனதையும், 1958-க்குப் பிறகு 2022-இல்தான் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றதையும் நினைவில் வையுங்கள். கிராம லீக் இருந்தால் உடனே உலகக் கிண்ணம் வந்துவிடாது. ஆனால் நாம் குறுக்குவழியில் போய்ப் பார்த்த கதையும் தெரிந்ததுதானே. வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டி ஆவணங்கள் போலியானவை என்று சொல்லி, 2025 செப்டம்பரில் ஃபிஃபா அவர்களுக்கு 12 மாதத் தடையும் எஃப்.ஏ.எம்.-க்கு அபராதமும் விதித்தது. மேல்முறையீடு, வழக்கு என்று அது நீண்டது. தாத்தா பாட்டியைத் தேடி அவ்வளவு தூரம் போன நேரத்தில், காப்பாரில் ஒரு பையன் எந்த லீக்கில் ஆடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

சரி, உங்களுக்கு 18 வயது. என்ன செய்யலாம்?

பள்ளியில் இருக்கும்வரை வழி ஓரளவு தெளிவு. பள்ளிகளுக்கிடையிலான எம்.எஸ்.எஸ்.எம். போட்டிகள், 2014-இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம், பகாங் கம்பாங்கில் இருக்கும் மொக்தார் டஹாரி அகாடமி. அதற்கு மேல் கிளப்புகளின் இளையோர் குழுக்கள், பிரசிடன்ட் கிண்ணம். இந்தச் சல்லடையில் 16, 17 வயதில் விழுந்தவர்களுக்குத்தான் சிக்கல். உடம்பு தாமதமாக வளரும் பையன்கள் நிறைய பேர் இங்கேதான் கைவிடப்படுகிறார்கள்.

அவர்களுக்கு ஏ3, ஏ2 லீக்குகள்தான் இரண்டாவது வாய்ப்பு. சிலாங்கூர், கோலாலம்பூர் காற்பந்துச் சங்கங்களின் சமூக ஊடகப் பக்கங்களைத் தொடருங்கள். எந்த லீக் எப்போது பதிவு செய்கிறது, எந்தக் குழு ஆள் தேர்வு நடத்துகிறது என்ற அறிவிப்புகள் அங்கே வரும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்த லீக் மாநிலச் சங்கத்தில் பதிவு பெற்றதா? கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் நடத்தும் லீக்குகள் ஏராளம், சில மிக நன்றாக நடக்கின்றன. ஆனால் பதிவு இல்லாத லீக்கில் எத்தனை கிண்ணம் வாங்கினாலும் அது ஏணியில் சேராது.

குழுவே ஆரம்பிக்கப் போகிறீர்களா? முதலில் செலவைக் கணக்குப் போடுங்கள். நுழைவுக் கட்டணம், நடுவர் கட்டணம், இரண்டு நிற ஜெர்சி, காப்புறுதி, முதலுதவி, எல்லாவற்றுக்கும் மேல் திடல் வாடகை. நகராண்மைத் திடலை முன்பதிவு செய்வதே பெரும்பாடு; செயற்கைப் புல் என்றால் மணிக்கணக்கு வாடகை. ஒருவரிடம் மொத்தமாகக் காசு வாங்குவதைவிட, இருபது பேர் மாதாமாதம் கொஞ்சம் போடும் குழு நீடிக்கும். கூட்டுக்குப் பிடித்துப் பழக்கப்பட்ட நம் அம்மாக்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆட்டக்காரராக ஒரு செமி-புரோ குழு உங்களை அழைத்தால், சந்தோஷத்தில் தலையாட்டிவிடாதீர்கள். ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். எத்தனை மாதம், எவ்வளவு, எந்தத் தேதியில், காயம் பட்டால் யார் செலவு என்ற நாலும் அதில் இருக்க வேண்டும். "பார்த்துக்கலாம் தம்பி" என்பது ஒப்பந்தம் ஆகாது. சம்பளம் வராவிட்டால் உதவ ஆட்டக்காரர்களுக்கென்றே பி.எஃப்.ஏ.எம். என்ற தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கம் இருக்கிறது. பாக்கி வைத்த குழுக்களோடு போராடிப் பழகியவர்கள்.

ஆட்டம் வரவில்லை, ஆனால் காற்பந்தை விட மனம் இல்லையா? நடுவர் பயிற்சியும் பயிற்றுநர் உரிமமும் மாநிலச் சங்கங்கள் வழியாகவே கிடைக்கும். கீழ்நிலை லீக் வளர வளர அதிகம் தேவைப்படுவது இவர்கள்தான். ஒரு தமிழ்ப்பள்ளியில் அடிப்படைப் பயிற்றுநர் உரிமம் வைத்த ஓர் ஆசிரியர் இருந்தால், திடல் பாதியாக இருந்தாலும் வேலை நடக்கும்.

நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றால்

ஏ1, ஏ2 ஆட்டங்களைப் பார்க்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஷா ஆலம் அரங்கம் இடிக்கப்பட்ட பிறகு சிலாங்கூர் எஃப்சியே எம்.பி.பி.ஜே. அரங்கத்தில்தான் ஆடுகிறது. சின்னக் குழுக்களோ பல்கலைக்கழகத் திடல், நகராண்மைத் திடல் என்று கிடைத்த இடத்தில் ஆடுகின்றன. பல திடல்களில் விளக்கு இல்லாததால் ஆட்டம் மாலை நாலரை, ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். பார்வையாளர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் அம்மா, அப்பா, காதலி, நாலு நண்பர்கள். பயிற்றுநர் கத்துவது ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். பாதி மலாய், பாதி தமிழ் என்றும் இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழையைத்தான் உங்களுக்கே தெரியுமே, குடை எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் குழுவின் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். திடல் கடைசி நேரத்தில் மாறுவது இந்த லீக்குகளில் சகஜம்.